தமிழ் மின்னூலைத் திரைதிரையாகச் சோதிப்பது எப்படி?

மின்னூல் கோப்பைக் கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்படியே கடையில் ஏற்றிவிடுவது புதிதாக நூல் வெளியிடுபவர்களின் வழக்கம். வாசகரோ அதைப் பழைய கைபேசி ஒன்றில், எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி, கறுப்புப் பின்னணியில், தெம்பனிசிலிருந்து ஜூரோங் போகும் எம்ஆர்டி ரயிலில் நின்றபடி படிக்கிறார். அங்கே ‘கொ’ உடைந்து தெரிந்தால் நூலைத்தான் குறை சொல்வார், கைபேசியை அல்ல.

மின்னூல்களின் பொது வடிவமான ஈபப் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஸிப் பொதி. உள்ளே அத்தியாயங்கள் இணையப் பக்கங்களாக இருக்கும். கூடவே தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு, படங்கள், எழுத்துரு, உள்ளடக்கப் பட்டியல். இவற்றை வைத்துப் பக்கத்தைக் கட்டுவது வாசிக்கும் சாதனத்தின் வேலை. ஆகவே ‘எங்கும் ஒரே மாதிரி தெரிகிறதா’ என்று சோதிக்காதீர்கள். அப்படி ஒருபோதும் தெரியாது. வாசகர் எந்த அமைப்பை மாற்றினாலும் எதுவும் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதில் சோதிப்பது

சாதனங்களை பிராண்டு பார்த்து எண்ணினால் பட்டியல் முடிவே இல்லாமல் நீளும். உள்ளே பக்கத்தைக் கட்டும் எஞ்சினைப் பார்த்து எண்ணினால் நான்கைந்து குடும்பங்கள்தான். கணினியில் மின்னூல் திறக்கும் தோரியம், காலிபர் மென்பொருள்கள் இரண்டும் குரோம் உலாவியின் எஞ்சினையே பயன்படுத்துகின்றன. இரண்டிலும் சோதித்துவிட்டேன் என்று திருப்திப்படுவதில் பொருளில்லை, ஒன்று போதும். ஆப்பிள் புக்ஸ் சஃபாரியின் குடும்பம். கிண்டில் தனி உலகம். கோபோ என்ற வாசிப்புக் கருவியில் இரண்டு எஞ்சின்கள் உண்டு: சாதாரண ஈபப் கோப்பை அடோபியின் எஞ்சினும், பெயர் ‘கெபப்’ என்ற கூடுதல் ஒட்டுடன் முடியும் கோப்பைக் கோபோவின் சொந்த எஞ்சினும் திறக்கும். ஒரே நூல் ஒரே கருவியில் இரு விதமாகத் தெரிவதற்கு இதுவே காரணம். இந்திய எழுத்துகளைச் சேர்த்துக் காட்டுவதில் அதிகம் சறுக்குவது அடோபி குடும்பம்தான். கோபோ கையில் இல்லாதவர்கள் கணினியில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் நிறுவினால் அதே குடும்பத்தின் போக்கைப் பார்க்கலாம்.

தொடங்குபவருக்கு இவ்வளவு போதும்: கணினியில் தோரியம், ஓர் ஐபோன் அல்லது ஐபேடு, ஓர் ஆண்ட்ராய்டு கைபேசியில் கூகுள் பிளே புக்ஸ், கணினியில் கிண்டில் பிரிவியூவர், கூடவே கிண்டில், கோபோ போன்று தாள்போலத் தெரியும் திரை கொண்ட ஏதாவதொரு உண்மையான இ-இங்க் கருவி. கடைசியாகச் சொன்னதை மட்டும் தவிர்க்காதீர்கள். கிண்டில் பிரிவியூவர் இலவசம், நல்ல கருவிதான். ஆனால் அது ஒளிரும் திரையில் கிண்டிலைப் போல நடித்துக் காட்டுகிறது. இ-இங்க் திரையில் வெறும் 16 சாம்பல் நிலைகளே உண்டு. அங்கே மெல்லிய எழுத்து எப்படி மங்குகிறது என்பதைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். புதிதாக வாங்கத் தேவையில்லை. உறவினர் வீட்டில் ஒன்று சும்மா கிடக்கும், அல்லது கேரோசலில் பழையது கிடைக்கும். பழையது வாங்கினால், முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து கருவி நீக்கப்பட்டிருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.

சிங்கப்பூர் வாசகர்களில் பலர் தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை லிபி செயலியில் படிக்கிறார்கள். லிபிக்குள் உங்கள் கோப்பை நீங்களே ஏற்றிப் பார்க்க வழியில்லை. அச்செயலி கைபேசியின் உலாவி எஞ்சினையே நம்பியிருப்பதால், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் சரியாக வரும் நூல் அங்கே பெரும்பாலும் சிக்கல் தராது.

கோப்பில் உள்ள எழுத்தை முதலில் பாருங்கள்

சாதனத்தின் குற்றம் என்று நினைக்கும் கோளாறுகளில் பல கோப்புக்குள்ளேயே இருப்பவை. சிங்கப்பூரில் இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. கணினித் தமிழில் இந்த ஊர் முந்திக்கொண்டது: எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியது இங்கே, தமிழ் இணைய மாநாடு 1997இல் நடந்ததும் இங்கே. அன்றே கணினியில் தட்டெழுதத் தொடங்கிய எழுத்தாளர்களின் கோப்புகள் யூனிகோடு பரவுவதற்கு முந்தைய குறியாக்கங்களில் இருக்கின்றன. அச்சகத்தில் பக்கம் கட்டிய கோப்புகளும் அப்படியே. அவற்றை நேரடியாக ஈபப் ஆக்கினால், எழுத்துரு கழன்றதும் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். அது உடனே கண்ணில் படும், எழுத்துமாற்றி மென்பொருள் ஒன்றால் சரிசெய்துவிடலாம். மாற்றிய பிறகு எஞ்சும் பிழைகள்தான் ஆபத்தானவை.

அவற்றில் முதன்மையானது, ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து நிற்பது. ‘அவர்’ என்ற சொல்லையும் ‘அவா்’ என்ற சொல்லையும் பல திரைகளில் கண்ணால் பிரித்தறிய முடியாது. வேறொரு சாதனத்தில் இரண்டாவது சொல்லின் நடுவே புள்ளியிட்ட வட்டம் முளைக்கும். தேடினாலும் சொல் அகப்படாது. நூல் முழுவதிலும் துணைக்கால்+புள்ளி வரும் இடங்களைத் தேடி ‘ர்’ என்று மாற்றுங்கள். தமிழில் துணைக்காலின் மேல் புள்ளி வராது, ஆகவே இதை மொத்தமாக மாற்றினாலும் தவறு நேராது.

ஔகாரத்தில் அப்படி மொத்தமாகக் கை வைக்கக்கூடாது. ‘கௌரவம்’ என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டுக் ‘கெளரவம்’ என்று தட்டுகிறார்கள். ‘ஔவை’யும் ‘ஒளவை’ ஆகிறது. எரிச்சலில் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றினால் கெளுத்தி மீனும் ஒளியும் சேர்ந்து கெட்டுப்போகும். ஒவ்வோர் இடமாக நின்று பார்த்து மாற்றுங்கள்.

கொம்பு முன்னால் வரும் எழுத்துகளிலும் கவனம் வேண்டும். பழைய குறியாக்கங்கள் சிலவற்றில் பார்க்கும் வரிசையிலேயே தட்டுவார்கள்: முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. எழுத்துமாற்றி அரைகுறையாக வேலை செய்திருந்தால் சொல்லின் தொடக்கத்தில் கொம்பு அநாதையாக நிற்கும், பக்கத்தில் புள்ளி வட்டம் தெரியும். ஒகர, ஓகார உயிர்மெய்களுக்கு இன்னொரு சிக்கல்: ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்றும் எழுதலாம். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலில் கோட்டைவிடும் சாதனங்கள் உண்டு. யூனிகோடு இயல்பாக்கம் செய்யும் கருவியில் ‘என்எஃப்சி’ வகையைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்கக் கண்ணை நம்ப வேண்டாம். காலிபரில் ‘எடிட் புக்’ திறந்து, ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘ரிப்போர்ட்ஸ்’ என்பதில் எழுத்துகளுக்கான பகுதிக்குப் போங்கள். நூலில் உள்ள ஒவ்வொரு குறியும் எத்தனை முறை வருகிறது என்று வரிசையாகக் காட்டும். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி இருந்தால், அந்த இடத்தில் எழுத்து ஏற்கெனவே தொலைந்துவிட்டது என்று பொருள். மூலப்பிரதியைப் பார்த்துத்தான் நிரப்ப முடியும். மென்கோடு எனப்படும் கண்ணுக்குத் தெரியாத சொல்முறிப்புக் குறி நூற்றுக்கணக்கில் இருந்தால் மொத்தமாக நீக்குங்கள். சில கருவிகள் அதை வரி நடுவிலேயே சிறுகோடாக அச்சடித்துவிடும். அகலமற்ற இணைப்பான், பிரிப்பான் குறிகளும் அப்படித்தான். ‘க்’கும் ‘ஷ’வும் ஒட்டாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தே போட்டதைத் தவிர மற்றவை நீங்கட்டும்.

காதும் உதவும். ஆண்ட்ராய்டில் கூகுள் பேச்சுச் சேவையின் தமிழ்க் குரலை இயக்கி இரண்டு அத்தியாயங்களை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கண் தாண்டிப்போன ‘கெளரவம்’ காதில் ளகரத்தோடு வந்து விழும்.

அடுத்து ஈபப்செக். இது கோப்பின் இலக்கணத்தைச் சரிபார்க்கும் இலவசக் கருவி. கட்டளை வரி பழக்கமில்லாதவர்கள் பகினா ஈபப்-செக்கரை நிறுவிக்கொள்ளலாம். உள்ளே இருப்பது அதே ஈபப்செக்தான். ‘எரர்’ என்று வருவதைப் பூஜ்யமாக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ‘வார்னிங்’ என்பதைப் படித்துப் பார்த்து முடிவு செய்யலாம். மொழிக் குறி தமிழ் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆங்கிலப் பதிப்பிலிருந்து நகலெடுத்த கோப்பில் மொழி ஆங்கிலமாகவே கிடக்கும். அப்போது வாசிப்புக் குரல் தமிழைத் திணறித் திணறிப் படிக்கும், அகராதியும் திறக்காது. பொதிக்குள் இருக்கும் கோப்புகளின் பெயர்களில் தமிழ் எழுத்தோ இடைவெளியோ வேண்டாம். சில கருவிகள் அத்தகைய படத்தைத் தேடிக் கண்டுபிடிக்காது, அந்த இடம் வெற்றாக நிற்கும்.

ஒரு சோதனைப் பக்கம்

நூல் முழுவதையும் ஒவ்வொரு கருவியிலும் படித்துக்கொண்டிருக்க முடியாது. நூலின் சோதனைப் படியில் அட்டைக்கு அடுத்து ஒரு பக்கம் சேர்த்து, தமிழில் உடையக்கூடிய எல்லாவற்றையும் அதில் குவித்துவிடுங்கள். வெளியிடும்போது அதை எடுத்துவிட மறக்காதீர்கள். கீழே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

கெ கே கை கொ கோ கௌ
கு சு டு து பு ரு று கூ சூ டூ தூ பூ ரூ றூ
ஞூ ணூ ழூ கீ டி டீ ணை னை
ஸ்ரீ லக்ஷ்மி புஷ்பம் ஜோகூர் ஃபிரான்ஸ்
“அப்படியா?” என்றாள் — ‘ம்ம்…’ $4.50
ஒருங்கிணைக்கப்பட்டிருக்கவேண்டியவர்களுக்காகவும்

முதல் வரியில் கொம்பும் காலும் எழுத்தின் இரு பக்கமும் ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது வரியில் உகர ஊகாரங்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய வடிவம் எடுக்க வேண்டும். ககரமும் பக்கத்தில் தொங்கும் உகரக் குறியும் தனித்தனியாகத் தெரிந்தால், அந்தச் சாதனம் எழுத்துகளைச் சேர்க்கவில்லை, அல்லது உங்கள் எழுத்துருவில் சேர்ப்பு விதிகள் இல்லை. மூன்றாவது வரி உயரத்துக்கானது: ‘ஞூ’வின் வால் அடுத்த வரியில் இடிக்கிறதா, ‘கீ’யின் சுழி மேலே வெட்டுப்படுகிறதா? நான்காவது வரியில் ‘ஸ்ரீ’ ஒரே கூட்டெழுத்தாக வர வேண்டும். யூனிகோடில் இதை எழுத இரண்டு வழிகள் உண்டு. எல்லா எழுத்துருக்களும் இரண்டையும் ஆதரிப்பதில்லை, அதனால் நூல் முழுவதும் ஒரே வழியைக் கையாளுங்கள். ஐந்தாவது வரியில் மேற்கோள் குறிகளும் நெடுங்கோடும் வேறு எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கியதுபோல் பருத்தோ மெலிந்தோ தெரியக்கூடாது. கடைசிச் சொல் திரையைவிட நீளும்போது சாதனம் என்ன செய்கிறது என்பதற்கு.

சிங்கப்பூர் நூல்களுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும். இங்குள்ள கதையில் சீன எழுத்தில் ஒரு கடைப் பலகையோ, தொனிக்குறி போட்ட ரோமன் எழுத்தில் ஒரு பெயரோ இயல்பாக வந்துவிடும். நீங்கள் பொதிந்த தமிழ் எழுத்துருவில் சீன எழுத்துகள் இருக்காது. சாதனம் தன்னிடமிருந்து எடுத்துப் போட்டால் தப்பித்தீர்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் வெற்றுக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். நூலில் வரும் சீனச் சொற்களையெல்லாம் சோதனைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தச் சொற்களைத் தனியே குறியிட்டு, மொழி சீனம் என்று குறிப்பிட்டால் பெரும்பாலான கருவிகள் சரியான எழுத்துருவைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

கருவியில் ஏற்றுவது

ஐபோனில் கோப்பை ஏர்டிராப் வழியாகவோ ஃபைல்ஸ் செயலி வழியாகவோ அனுப்பி, பகிர்வுப் பட்டியலில் புக்ஸ் என்பதைத் தட்டினால் போதும். பிளே புக்ஸில் கணினி உலாவி வழியே பதிவேற்றுங்கள். கூகுள் தன் பக்கத்தில் கோப்பைப் பதப்படுத்த சில நிமிடங்கள் ஆகும், அதன் பிறகே கைபேசியில் தெரியும். கோபோவுக்கு யூஎஸ்பி வடம். கிண்டிலில் ஈபப் கோப்பை யூஎஸ்பி வழியே போட்டால் திறக்காது. ‘செண்ட் டு கிண்டில்’ பக்கத்தில் ஏற்றினால் அதுவே மாற்றி அனுப்பும். இணையப் பக்கம் வழியாக 200 எம்பி வரை, மின்னஞ்சலில் 50 எம்பி வரை. ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த வழியில் நடக்கும் மாற்றமும், அமேசானின் வெளியீட்டுத் தளமான கேடிபியில் விற்பனைக்கு ஏற்றும்போது நடக்கும் மாற்றமும் ஒன்றல்ல. விற்பனைப் பிரதியின் தோற்றத்துக்குக் கிண்டில் பிரிவியூவரையும், திரையில் எழுத்து தெரியும் தரத்துக்கு உண்மைக் கருவியையும் நம்புங்கள்.

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது பழைய பிரதிதான். கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றிவிட்டு, அதே பிழை இன்னும் இருக்கிறதே என்று சிஎஸ்எஸ்ஸில் மணிக்கணக்காகத் தடவிக்கொண்டிருப்பார்கள். நூலின் அடையாள எண் மாறாததால் செயலி தன் சேமிப்பிலிருக்கும் பழைய கோப்பையே காட்டிக்கொண்டிருக்கும். ஏற்றும் முன் பழையதை எல்லா இடங்களிலும் அழியுங்கள். சோதனைப் படிகளின் தலைப்பிலேயே ‘படி 3’, ‘படி 4’ என்று எழுதிவிட்டால் எதைப் பார்க்கிறோம் என்ற குழப்பம் வராது.

ஒரு கருவிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அட்டை, உள்ளடக்கப் பட்டியல், சோதனைப் பக்கம், ஓர் அத்தியாயத் தொடக்கம், நீளமான பத்தி, படம், அடிக்குறிப்பு, கடைசிப் பக்கம். இவை எல்லாவற்றையும் முதலில் இயல்பான அமைப்பில் பாருங்கள். பிறகு எழுத்தை மிகச் சிறியதாக்கி, மிகப் பெரியதாக்கி, குறுக்குவாக்கில் திருப்பி, இரவு நிறத்தில் வைத்து மீண்டும் பாருங்கள். உள்ளடக்கப் பட்டியலில் ஒவ்வொரு தலைப்பையும் தட்டி, அந்த அத்தியாயத்தின் தலைக்கே போகிறதா என்று உறுதிசெய்யுங்கள். முந்தைய அத்தியாயத்தின் கடைசி வரிக்குப் போய் நிற்பது அடிக்கடி நடக்கும். தேடல் பெட்டியில் நூலில் வரும் சில பெயர்களைத் தட்டிப் பாருங்கள்.

பெரிய எழுத்தில்தான் பெரும்பாலான பிழைகள் வெளிப்படும். வரி இடைவெளியை பிக்சலில் எழுதியிருந்தால், எழுத்து வளரும்போது இடைவெளி வளராமல் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அலகு இல்லாமல் 1.5 அல்லது 1.6 என்று மட்டும் எழுதுங்கள். ஆங்கில நூலுக்கு 1.3 போதும். தமிழுக்கு மேலே சுழியும் கீழே வாலும் இருப்பதால் அந்த அளவு நெருக்கும். இரு பக்கமும் சீராக்கும் அமைப்பும் பெரிய எழுத்தில் படுத்தும். நம் சொற்கள் நீளமானவை. 6 அங்குலத் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொற்கள் விழுந்தால், நடுவில் ஆறு ஓடும் அளவுக்கு வெள்ளை விழுந்துவிடும். இடப்பக்கச் சீராக விட்டுவிடுவது நல்லது. சீராக்கிப் படிக்க விரும்புகிறவர் தன் கருவியிலேயே அதைத் தேர்ந்துகொள்வார்.

இரவு நிறத்தில் இரண்டு இடங்களில் அடிபடும். எழுத்தின் நிறம் கறுப்பு என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதிவைத்திருந்தால் கறுப்பில் கறுப்பாக நூலே காணாமல் போகும். உரைக்கு நிறமே குறிப்பிடாதீர்கள். இரண்டாவது, பின்னணி இல்லாத பிஎன்ஜி படங்கள். கையொப்பமோ கோட்டோவியமோ கறுப்புக் கோட்டில் இருந்தால் இரவில் தெரியாது. அவற்றுக்கு வெள்ளைப் பின்னணி கொடுத்துச் சேமியுங்கள். இ-இங்க் கருவியை அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்து நண்பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, படுக்கையறை விளக்கில் ஒருமுறை பாருங்கள். சிவப்பும் பச்சையும் கொண்ட வரைபடம் அங்கே ஒரே சாம்பலாகிவிடும். கோடுகளுக்குப் புள்ளி, சாய்வு என்று வேறுபாடு வைத்தால்தான் புரியும்.

எழுத்துருவும் அலங்காரமும்

எழுத்துரு பொதிய வேண்டுமா என்ற கேள்விக்கு எங்கள் விடை: உரைக்குத் தேவையில்லை, இன்றைய கைபேசிகளும் கிண்டிலும் தமிழைத் தாமே காட்டிக்கொள்கின்றன. தலைப்புகளுக்கு ஒரு தனித்தன்மை வேண்டும் என்றாலோ, கோபோ வாசகர்களை எதிர்பார்த்தாலோ பொதியலாம். நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் வருபவை, பொதியத் தடையில்லை. விண்டோஸ் கணினியோடு வந்த லதாவையோ ஆப்பிளோடு வந்த இணைமதியையோ எடுத்து நூலுக்குள் வைத்துவிடாதீர்கள், அவற்றின் உரிமம் வேறு.

கோப்பு வடிவம் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் ஆக இருக்கட்டும். இணையத்துக்கான வோஃப் வடிவத்தை எல்லாக் கருவிகளும் ஏற்பதில்லை. அளவைக் குறைக்க எழுத்துருவைச் சுருக்கும்போது கவனம் தேவை. சில கருவிகள் நூலில் வரும் குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு சேர்ப்பு விதிகளை வெட்டி எறிந்துவிடும். ககரம் இருக்கும், உகரக் குறி இருக்கும், ‘கு’ இருக்காது. சோதனைப் பக்கத்தின் இரண்டாவது வரி இதற்காகவும்தான். தடித்த எழுத்தை நூலில் பயன்படுத்தினால் அதற்குரிய தடித்த எழுத்துருவையும் சேர்த்துப் பொதியுங்கள். இல்லையென்றால் சாதனம் தானே கோடுகளைப் பருமனாக்கும். அப்போது ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டு மைத் திட்டாகத் தெரியும், புள்ளியும் எழுத்தோடு ஒட்டிவிடும். சாய்ந்த எழுத்துக்குத் தமிழில் பெரும்பாலும் தனி எழுத்துரு கிடையாது, சாதனம் பிடித்துச் சாய்த்துக் காட்டுவதுதான். கண்ணுக்கு இதமில்லை. நூற்பெயருக்கு மேற்கோள் குறி போட்டுக்கொள்ளலாம்.

கருவியில் எழுத்துரு பட்டியலைத் திறந்து, பதிப்பாளர் எழுத்துரு என்று இருப்பதில் ஒருமுறையும், கருவியின் சொந்த எழுத்துருவில் ஒருமுறையும் நூலைப் பாருங்கள். ஆப்பிள் புக்ஸில் அது ‘ஒரிஜினல்’ என்று இருக்கும்.

அத்தியாயத்தின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடும் ஆசையைத் தமிழில் கட்டுப்படுத்துவது நல்லது. அத்தியாயம் ‘சொன்னான்’ என்று தொடங்குகிறது என்று வையுங்கள். வடிவமைப்பாளர் சகரத்துக்கு மட்டும் பெரிய அளவு கொடுத்தால், ஒகரக் குறி சிறிய அளவில் தனித்து விடப்படும். கொம்பு ஒரு பக்கம், புள்ளி வட்டம் ஒரு பக்கம். ‘சொ’ முழுவதையும் ஒரே எச்டிஎம்எல் குறிக்குள் அடைத்தால் சரியாகும். ‘ஃபர்ஸ்ட்-லெட்டர்’ கட்டளையிடம் விட்டால் ஒவ்வொரு கருவியும் ஒவ்வோர் இடத்தில் வெட்டும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் ‘லெட்டர்-ஸ்பேசிங்’கும் இதே ரகம். ஆங்கிலத் தலைப்பில் அழகாக இருக்கும், தமிழில் சில கருவிகளில் கொம்பு எழுத்தை விட்டு விலகி நடக்கும். எடுத்துவிடுங்கள்.

கவிதை, படம், அடிக்குறிப்பு

கவிதைதான் கைபேசியில் அதிகம் சிதைகிறது. நீண்ட அடி மடங்கி அடுத்த வரிக்கு வரும்போது, அது கவிஞர் முறித்ததா கைபேசி முறித்ததா என்று வாசகருக்குத் தெரியாது. ஒவ்வோர் அடியையும் தனிப் பத்தியாக்கி, இடப்பக்கம் 2 எம் (எழுத்தின் அளவோடு வளரும் அலகு) ஒதுக்கி, முதல் வரியை மட்டும் 2 எம் பின்னுக்கு இழுங்கள். மடங்கிய பகுதி உள்ளே தள்ளித் தெரியும். இடைவெளித் தட்டல்களைக் கொண்டு வரியை நகர்த்தியிருந்தால் அது எந்தக் கருவியிலும் நிலைக்காது. நான்கு அடிகள் கொண்ட கவிதை பக்கத்தின் அடியில் இரண்டாகப் பிளவுபடுவதை ஓரளவுக்குத் தடுக்கலாம், முழுமையாக முடியாது. அதற்காக மெனக்கெட வேண்டாம்.

அட்டைப் படத்துக்கு கேடிபி பரிந்துரைப்பது 2560 பிக்சல் உயரம், 1600 பிக்சல் அகலம். அட்டையை நூலகப் பட்டியலில் தெரியும் கட்டைவிரல் அளவிலும், சாம்பல் நிறத்திலும் பாருங்கள். மஞ்சள் பின்னணியில் வெள்ளைத் தலைப்பு கிண்டிலில் தெரியவே தெரியாது. உள்ளே வரும் படங்களின் அகலத்தை நூற்றுவீதத்தில் கொடுங்கள். ஐந்து நிரல் கொண்ட அட்டவணை கைபேசியில் வலப்பக்கம் வெட்டுப்படும். அதை இரண்டாக உடைப்பதோ பட்டியலாக எழுதுவதோ மேல். அட்டவணையைப் படமாக்கி ஒட்டினால் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் கேட்க முடியாது, எழுத்தைப் பெரிதாக்கவும் முடியாது.

அடிக்குறிப்பு எண்ணை விரலால் தட்டுங்கள். ஆப்பிள் புக்ஸில் சரியாகக் குறியிட்டிருந்தால் சிறு பெட்டியில் விரியும். மற்றவற்றில் நூலின் இறுதிக்குத் தாவலாம். தவறில்லை, திரும்பி வர இணைப்பு இருந்தால் போதும். எண் மிகச் சிறியதாக இருந்தால் விரலுக்கு அகப்படாமல் பக்கம்தான் புரளும்.

குழந்தைகளுக்கான படநூல் போன்று பக்கம் மாறாத வடிவம் தனிக் கதை. அதில் எழுத்துரு பொதிந்தே தீர வேண்டும், கைபேசியில் படிக்க முடியாது என்பதையும் நூல் விவரத்தில் சொல்லிவிடுங்கள். பிடிஎஃப் கோப்பை 6 அங்குல இ-இங்க் கருவிக்கு மின்னூல் என்று கொடுக்காதீர்கள்.

பிழைகளைக் குறித்து வைப்பது

ஒரு விரிதாளில் ஐந்து நிரல்கள் போதும்: கருவியும் அதன் மென்பொருள் பதிப்பும், செயலி, எழுத்து அளவும் நிறமும், பிழை வந்த இடம், ஸ்கிரீன்ஷாட். இடத்தைப் பக்க எண்ணால் குறிக்காதீர்கள், கருவிக்குக் கருவி பக்கம் மாறும். அத்தியாயத்தையும் அந்த வரியின் முதல் இரண்டு சொற்களையும் எழுதுங்கள். பிறகு பட்டியலைக் குறுக்காகப் பாருங்கள். ஒரு பிழை எல்லாக் கருவியிலும் இருந்தால் கோளாறு எழுத்தில் அல்லது சிஎஸ்எஸ்ஸில். ஒரே ஒரு கருவியில் மட்டும் என்றால், அதை அந்தக் கருவிக்கெனத் தந்திரம் செய்து சரிக்கட்டாதீர்கள், அந்தத் தந்திரம் அடுத்த கருவியில் வேறு ஏதாவதைக் கெடுக்கும். அலங்காரத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிழையும் போய்விடும். அடோபி எஞ்சினில் மட்டும் தமிழ் சேராமல் நின்றால் உங்களால் செய்யக்கூடியது அதிகமில்லை. கோபோ வாசகர்களுக்கு, ஈபப்பைக் கெபப் ஆக்கும் கெபபிஃபை கருவியால் மாற்றிய பிரதியைத் தனியே கொடுக்கலாம்.

திருத்திய ஒவ்வொரு முறையும் ஈபப்செக்கிலிருந்து தொடங்குங்கள். அலுப்பாக இருக்கும். ஆனாலும் ஓர் அத்தியாயத்தில் மூடாமல் விட்ட ஒரு குறி போதும், ஆப்பிள் புக்ஸில் அந்தப் பக்கம் முழுவதும் பிழைச் செய்தியாக மாறிவிடும்.

விற்பனைக்கு ஏற்றிய பிறகு உங்கள் நூலை நீங்களே ஒரு பிரதி வாங்கிக் கைபேசியில் திறந்து பாருங்கள். கடை தரும் மாதிரிப் பக்கங்களையும் பாருங்கள். முன்பக்கப் பொருள்கள் நீளமாக இருந்தால் மாதிரி முழுவதும் நன்றியுரையிலேயே முடிந்துவிடும். பின்னால் திருத்தி ஏற்றும் கோப்பு, கிண்டிலில் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வைத்தவர்களைத் தவிர, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தானாகப் போய்ச் சேராது. சிங்கப்பூரில் வெளியிடும் நூலென்றால், மின்னூலுக்கு அச்சு நூலின் ஐஎஸ்பிஎன் எண்ணைப் பயன்படுத்தாமல் தனி எண் பெறுங்கள். வெளியான 4 வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒரு பிரதி ஒப்படைக்க வேண்டும். சோதனைப் பக்கத்தை நீக்கிய, தலைப்பில் ‘படி 7’ என்று எதுவும் ஒட்டிக்கொண்டிராத, விற்பனைக்குப் போன அதே கோப்பை அனுப்புங்கள்.